போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குப் பெடிங் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரைஃபிளின் ரிசீவர் (போல்ட் நகரும் உலோக உடல்) ஸ்டாக்கில் (அதைத் தாங்கும் கட்டை) அசையாமல் உட்கார, இரண்டுக்கும் இடையே எபாக்ஸிப் பசை போட்டு அச்செடுப்பதே பெடிங். ரைஃபிள் குண்டுகளைச் சிதறடிக்கிறது என்றதும் எபாக்ஸியைக் குழைக்க உட்காருவதுதான் முதல் தவறு. டெலஸ்கோப்பைத் தாங்கும் திருகுகள் தளர்ந்திருந்தாலும், குழலின் வாய் விளிம்பு அடிபட்டிருந்தாலும் இதே சிதறல்தான் தெரியும். அவற்றைச் சரிபார்த்த பிறகும் குறை நீங்காவிட்டால்தான் ஸ்டாக்கைச் சந்தேகிக்க வேண்டும். ரைஃபிளின் தோட்டா அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் உறுதி செய்யாமல் எந்தத் திருகையும் தொடக் கூடாது.

மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ரெமிங்டன் 700-ஐ அடிப்படையாகக் கொண்ட எம்40 ரைஃபிளை அமெரிக்க மரைன் படையினர் வியட்நாமுக்குக் கொண்டுபோனபோது, அந்நாட்டு ஈரத்தில் வால்நட் ஸ்டாக்குகள் முறுக்கிக்கொண்டன. 1970-களில் வந்த எம்40ஏ1-க்குக் கண்ணாடியிழை ஸ்டாக் பொருத்தப்பட்டதற்கு அந்த அனுபவமே காரணம். ரிசீவர் ஒவ்வொரு முறை சுடும்போதும் அதே இடத்தில், எந்த இழுப்பும் இல்லாமல் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் பெடிங் போடுகிறோம்.

இதை மறப்பதால்தான் மிகப் பெரிய தவறு நேர்கிறது. எபாக்ஸி இறுகும் நேரத்தில், ரிசீவரை ஸ்டாக்கோடு பிணைக்கும் ஆக்‌ஷன் திருகுகளை முழு பலத்தோடு முறுக்கிவிடுகிறார்கள். அப்போது ரிசீவர் மயிரிழை அளவு வளைகிறது. வளைந்த அந்த வடிவத்தையே எபாக்ஸி அச்செடுத்துக்கொள்வதால், பின்னர் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் ரிசீவர் அதே வளைவுக்கு இழுக்கப்படுகிறது. திருகுகளுக்குப் பதிலாகத் தலையில்லாத வழிகாட்டித் தண்டுகளை மாட்டி, குழலைச் சுற்றி டேப் ஒட்டி ஸ்டாக்கின் முன்பகுதியில் நடுவாக நிறுத்தி, ரப்பர் பட்டையால் மெல்லக் கட்டி வைத்தால் போதும். வேலை முடிந்த பின் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) குழலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே பொருத்தி, முன் திருகைத் தளர்த்திப் பாருங்கள். முள் 0.002 அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் இழுப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போடுவதே நேர்மையான வழி.

அடுத்தது ரீகாயில் லக், அதாவது ரிசீவரின் முன்பகுதியிலிருந்து கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் துண்டு. சுடும்போது பின்னோக்கி வரும் உதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்துவது இதன் பின்முகம் மட்டுமே. ஆகவே அந்த முகம் எபாக்ஸியை முழுதாகத் தொட வேண்டும். முன்புறம், இரு பக்கங்கள், அடிப்பகுதி ஆகியவற்றில் மின்கம்பி டேப்பை ஒரு சுற்று ஒட்டி இடைவெளி விட வேண்டும். டேப் ஒட்டாமல் விட்டால், லக்கின் அடி, அது உட்காரும் குழியின் தரையைத் தட்டி ரிசீவர் அதன்மேல் ஊஞ்சல்போல் ஆடும். கழற்றி மாட்டும்போது பக்கச்சுவர்களும் உரசித் தேயும்.

ரிசீவர் ஸ்டாக்கோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதுதான் எல்லோருக்கும் பயம். எபாக்ஸி உலோகத்தில் ஒட்டாமல் தடுக்கும் விடுவிப்பு மெழுகு பூச மறப்பதால் மட்டும் அது நேர்வதில்லை. டிரிக்கர் ஊசித் துளை, போல்ட் ஸ்டாப் பள்ளம், மேகசின் வெட்டு என எபாக்ஸி புகுந்து பூட்டுப் போட்டுக்கொள்ளும் இடங்கள் பல உண்டு. அவை ஒவ்வொன்றையும் பிளாஸ்டிசின் களிமண்ணால் அடைத்து மட்டமாக வழித்துவிட வேண்டும். ஒரே ஓர் ஊசித் துளையை விட்டுவிட்டு ஒரு முழு நாள் போராடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விளக்கை நெருக்கிப் பிடித்து இரண்டாம் முறையும் தேடுங்கள். மெழுகையும் இரண்டு பூச்சாகப் பூசுங்கள். நிறமற்ற ஷூ பாலிஷே போதும். அப்படியும் ஒட்டிக்கொண்டால் சுத்தியலை எடுக்க வேண்டாம். ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தால் உலோகம் சுருங்கிப் பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

எண்ணெய் ஊறிய மரத்தில் எபாக்ஸி பிடிக்காது. பழைய பூச்சைச் சுரண்டி, எண்ணெய் படாத வெறும் மரம் தெரியும்வரை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழம் எடுத்து, பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். கலவையைக் கண் அளவில் கலக்கக் கூடாது. டப்பாவில் குறிப்பிட்டிருக்கும் விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்று படித்துவிட்டு அளக்க வேண்டும். லக் உட்காரும் குழியை அடியிலிருந்து மேலாக நிரப்பினால் காற்றுக் குமிழ் சிக்காது. விளிம்பில் பிதுங்கும் எபாக்ஸியை வினிகரில் நனைத்த பஞ்சால் அப்போதே துடைத்துவிட வேண்டும்.

குழல் முழுவதற்கும் பெடிங் போடுவது வேண்டாத வேலை. ரிசீவருக்கு முன்னால் ஓர் அங்குலம் வரை தாங்கு கொடுத்துவிட்டு, மீதியை ஸ்டாக்கைத் தொடாமல் மிதக்க விட வேண்டும்.

இறுதியாகத் திருகுகள். வெறும் மரத்தில் அதிக முறுக்கு விசை கொடுத்தால் மரம் நசுங்கும். திருகுகளைச் சுற்றி ஸ்டாக்குக்குள் அலுமினியத் தூண்கள் வைத்திருந்தால் ரெமிங்டன் 700-க்கு வழக்கமான 65 அங்குல-பவுண்டு கொடுக்கலாம். திருகின் உடல் துளையின் சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் உதைப்பைத் திருகு வாங்கிக்கொள்ளும், லக் சும்மா இருக்கும். திருகுகளை முறுக்கிய பிறகு மேகசின் பெட்டியை விரலால் அசைத்துப் பாருங்கள். ரிசீவருக்கும் அடித்தகட்டுக்கும் இடையே அது இறுகி நின்றால், திருகுகள் ரிசீவரைப் பெடிங்கில் அமர்த்தாமல் அந்தப் பெட்டியின் மேல் அமர்த்துகின்றன. பெட்டியின் விளிம்பை லேசாக ராவிவிட்டு, அது இலேசாக ஆடும் நிலை வந்த பிறகே சுடும் மைதானத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.