வரிசையில் இடைவெளி நிலைக்க என்ன செய்யலாம்

2020 ஊரடங்கின்போது திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் ஒரு ரேஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு தொற்று வந்தால், கூட்டத்தைக் கவனிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நிழலைப் பாருங்கள். சுண்ணாம்பில் ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டால் மட்டும் போதாது. சித்திரை வெயிலில் வட்டத்தில் பை நிற்கும், ஆட்கள் வேப்பமரத்தடியில் ஒட்டி நிற்பார்கள். தென்னங்கீற்றில் பந்தல் போட்டு அதற்குள் வட்டம் போடுங்கள். காலையில் விழுந்த நிழல் பதினோரு மணிக்கு அங்கே இருக்காது, அதையும் கணக்கில் வையுங்கள். வயதானவர்களுக்குத் தனியாக நாற்காலி வேண்டும்.

அந்த ஏப்ரலில் அரசு 1,000 ரூபாய் கொடுத்தபோது, நாளும் நேரமும் எழுதிய டோக்கன் வீடு தேடிப் போனது. நல்ல வழிதான். ஆனால் சரக்கு தீர்ந்துவிடும் என்ற பயம் வந்துவிட்டால் டோக்கனை யாரும் மதிக்க மாட்டார்கள். மூட்டையைக் காட்டி, "எல்லாருக்கும் இருக்கு தாயி" என்று சொல்லுங்கள். பீடிக்கடை திறந்திருக்கும் காலமென்றால், பெண்கள் வீட்டில் சுற்றிய பீடியை அங்கே கொடுக்கப் போகும் நேரத்துக்கு டோக்கன் எழுதாதீர்கள். இரண்டு இடத்துக்கும் ஓட வேண்டியிருந்தால் முண்டியடிக்கத்தான் செய்வார்கள்.

துட்டி வீடுதான், அதாவது சாவு வீடுதான், ரொம்பக் கஷ்டம். கட்டிப்பிடித்து அழுகிறவர்களை வெளியாள் விலக்கினால் மனம் நோகும். சொந்தத்தில் மூத்தவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். "வாசல்லயே துக்கம் கேட்டுட்டுப் போங்க" என்று பெரியப்பா சொன்னால் கேட்பார்கள். அப்புறம், பெஞ்சுகளைத் தள்ளித் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.