எஸ்இலினக்ஸ் கொள்கை கம்பைல் ஆகவில்லையா? பிழையைத் தேடும் வழி

எஸ்இலினக்ஸ் என்பது, எந்த நிரல் எதைத் தொடலாம் என்று விதிகளால் கட்டுப்படுத்தும் லினக்ஸ் பாதுகாப்பு அமைப்பு. ஒரு நிரலுக்காக அதன் விதிகளை முதன்முறையாக எழுதி, அவற்றைக் கம்பைல் செய்ய (கணினி ஏற்கும் வடிவத்துக்கு மாற்ற) மேக் கட்டளையைக் கொடுத்ததும் திரை முழுக்கப் பிழைச் செய்திகள் ஓடினால், பலர் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கம்பைல் பிழை வந்தால் உங்கள் விதிகள் இன்னும் இயங்குதளத்தின் மையமான கர்னலை எட்டவில்லை என்றுதான் பொருள். ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. நிதானமாகத் திருத்தலாம்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். முனையத்தில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

நீங்கள் விதிகளை எழுதும் டிஇ கோப்பு மூன்று கைகள் மாறுகிறது. முதலில் எம்4 என்னும் கருவி மேக்ரோக்களை, அதாவது பல விதிகளுக்குப் பதிலாக எழுதும் சுருக்கப் பெயர்களை, விரிக்கிறது. அடுத்து செக்மாட்யூல் இலக்கணம் பார்க்கிறது. அது சரியென்றால் பிபி கோப்பு உருவாகும். இதுதான் ஏற்றத் தயாரான மாட்யூல், கொள்கையின் ஒரு தனித் துண்டு. கடைசியாக, செமாட்யூல் அதைக் கணினியில் ஏற்கெனவே உள்ள கொள்கையோடு (விதிகளின் முழுத் தொகுப்போடு) இணைக்கிறது. எந்தக் கையில் சிக்கியது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: முதல் பிழையை மட்டும் படியுங்கள்

மேக் கடைசியாகக் காட்டும் ‘எரர் 1’ என்ற வரி, வேலை நின்றுவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. மேலே நகர்த்தி, முதலில் வந்த பிழையைக் கண்டுபிடியுங்கள். கீழே உள்ளவை பெரும்பாலும் அதன் எதிரொலிகள்.

படி 2: இரண்டு வரி எண்களையும் பிரித்தறியுங்கள்

தொடக்கநிலையினரை அதிகம் குழப்புவது இதுதான். எடுத்துக்காட்டாக, மைஆப் என்ற உங்கள் கோப்பில் 20 வரிகளே இருக்கும். பிழைச் செய்தியோ தொடக்கத்தில் 12 என்றும், முடிவில் ‘3347ஆம் வரி’ என்றும் சொல்லும். 12 உங்கள் கோப்பின் வரி. 3347 என்பது எம்4 விரித்து முடித்த பெரிய கோப்பின் வரி. அந்த விரிந்த கோப்பு, நீங்கள் மேக் கொடுத்த இடத்திலேயே உருவாகும் டெம்ப் அடைவுக்குள் இருக்கும். திறந்து பார்த்தால் செக்மாட்யூல் உண்மையில் என்ன படித்தது என்பது கண்ணெதிரே தெரியும்.

செய்தியில் ‘டோக்கன்’ என்று குறிக்கப்படும் சொல், கருவி திகைத்து நின்ற இடம். தவறு அதற்குச் சற்று முன்பும் இருக்கலாம். 11ஆம் வரியின் முடிவில் அரைப்புள்ளியை விட்டிருந்தால், குற்றம் 12ஆம் வரியில் அனுமதி விதியைத் தொடங்கும் ‘அலவ்’ என்ற சொல் மீது விழும்.

டோக்கனாக ஒரு மேக்ரோவின் பெயரே வந்தால், அது விரியவில்லை என்று பொருள். பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தாலும் எம்4 முறையிடாது. தெரியாத சொல்லை அப்படியே அடுத்த கைக்குத் தள்ளிவிடும். பாலிசி_மாட்யூல் என்ற மேக்ரோவில் தொடங்கும் கோப்பை நேரடியாகச் செக்மாட்யூலுக்குக் கொடுத்தாலும் இதே கதிதான், அதற்கு மேக்ரோ தெரியாது. எஸ்இலினக்ஸ் பாலிசி டெவல் தொகுப்புடன் வரும் மேக்ஃபைல் வழியாகவே கம்பைல் செய்யுங்கள்.

படி 3: ‘அன்னோன் டைப்’

டைப் என்பது நிரல்களுக்கும் கோப்புகளுக்கும் எஸ்இலினக்ஸ் இடும் அடையாளப் பெயர். உங்கள் கோப்பில் அறிவிக்காத டைப்பை விதியில் பயன்படுத்தியிருக்கிறீர்கள். வேறு மாட்யூலுக்குச் சொந்தமான டைப் என்றால் ஜென்_ரிக்வயர் பகுதிக்குள் அதைக் குறிப்பிட வேண்டும். இங்கே மேற்கோள் குறியைக் கூர்ந்து பாருங்கள். அந்தப் பகுதி பேக்டிக் குறியில் (`) தொடங்கி, சாதாரண ஒற்றை மேற்கோளில் (') முடியும். இரண்டும் வெவ்வேறு குறிகள். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்தால் அவை வளைந்த மேற்கோள்களாக மாறியிருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, எம்4 மட்டும் தடுமாறும். ஒரு மாலை முழுவதும் விதிகளை மாற்றி மாற்றி எழுதிய பிறகுதான் இதை நான் கண்டுகொண்டேன். அன்று முதல் அந்த இரு குறிகளையும் கையாலேயே தட்டச்சு செய்கிறேன்.

படி 4: கம்பைல் ஆனது, ஏற்றும்போது விழுகிறது

ரிக்வயர் என்பது ‘இந்த டைப் கணினியில் இருக்கிறது’ என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு. செக்மாட்யூல் அதை நம்பிவிடும். செமாட்யூல்தான் சரிபார்க்கும். அப்படி ஒரு டைப் இல்லையென்றால் ‘ஃபெயில்டு டு ரிசால்வ்’ என்று நிறுத்திவிடும். எஸ்இஇன்ஃபோ கருவியில் டைப் பட்டியலைக் கேட்டு எழுத்துக்கூட்டலை ஒப்பிடுங்கள். அந்தச் செய்தியில் உள்ள கோப்புப் பாதையில் வரும் 400 வரி எண் அல்ல, மாட்யூலின் முன்னுரிமை எண். கடைசியில் உள்ள எண்ணும் உங்கள் டிஇ கோப்பின் வரியல்ல. அதிலிருந்து மாற்றப்பட்ட, சிஐஎல் என்ற இடைநிலை மொழி வடிவத்தின் வரி அது.

செமாட்யூல் எதுவும் சொல்லாமல் முடிந்தால் ஏறிவிட்டது. ஏற்றிய மாட்யூல்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு செமேனேஜ் கட்டளையால் உங்கள் டொமைனை (ஓடும் நிரலுக்குரிய டைப்பை) மட்டும் பெர்மிசிவ் நிலையில், அதாவது மீறலைத் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில், வைத்து நிரலை ஓட்டுங்கள். கணினியின் மற்ற பகுதிகளுக்குப் பாதுகாப்பு அப்படியே தொடரும். பதிவுகளில் தேடும் ஏயூசர்ச் கருவி காட்டும் ஏவிசி மறுப்புகளிலிருந்து (அனுமதி இல்லாத செயல்களின் பதிவுகளிலிருந்து) அடுத்து எழுத வேண்டிய விதி தெரிந்துவிடும்.