செம்பனைச் சாலைக்கு ஏற்ற சக்கரம்: முதல் ரோட் பைக் கட்டுபவர்களுக்கு

பெஸ்தாரி ஜெயாவில் சொந்தமாக ரோட் பைக் கட்ட நினைக்கும் தம்பிகள் என்னிடம் முதலில் காட்டுவது சக்கரத்தின் படத்தைத்தான். 50 மி.மீ. உயர கார்பன் ரிம் (சக்கரத்தின் வெளி வளையம்), பளபளக்கும் கறுப்பு, பெரிய எழுத்து. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் முதல் சைக்கிளுக்கு நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: அலுமினிய ரிம், போதிய ஸ்போக், 28 மி.மீ. டயர் ஏறும் அகலம், பழுதானால் நம் ஊரிலேயே பிரித்து மாட்டக்கூடிய ஹப் (சக்கரத்தின் நடு உருளை). நான் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். பேரிங்கும் ஷாஃப்டும் தினமும் கையில் புழங்குபவை. வேலை முடிந்த பிறகு வீட்டில் சக்கரங்களின் கோணலை நிமிர்த்திப் பெண்டு எடுக்கிறேன்.

முதலில் சாலையைப் பாருங்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் போடப்பட்டது தென்னமரம் தோட்டத்தில். அது நம் ஊர்ப் பக்கம்தான். இன்றும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓடுகிற சாலையில்தான் நாம் மிதிக்கிறோம். தாரின் ஓரம் உடைந்திருக்கும். தோட்டத்து முகப்பில் லோரி டயரோடு வந்த செம்மண்ணும் சிறுகல்லும் சிதறிக் கிடக்கும். உதிர்ந்த பழம் நசுங்கி வழுக்கும். மழை பெய்து குழி நிறைந்துவிட்டால் ஆழம் தெரியாது. சக்கரத்தை இந்தச் சாலைக்காகத்தான் வாங்க வேண்டும்.

சரி, எதையும் வாங்கும் முன் ஃபிரேமை அளந்துவிடுங்கள். ரிம்மையே பிடிக்கும் ரிம் பிரேக் ஃபிரேமா, ஹப்பில் மாட்டிய தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் ஃபிரேமா என்பதிலேயே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். ரிம் பிரேக் ரோட் ஃபிரேம் பெரும்பாலும் குவிக் ரிலீஸ், அதாவது கைப்பிடியை மடக்கி இறுக்கும் மெல்லிய ஆக்சில். முன்னால் 100 மி.மீ., பின்னால் 130 மி.மீ. இடைவெளி. இன்றைய டிஸ்க் ஃபிரேம்களில் ஹப்பை ஊடுருவி ஃபிரேமில் திருகும் 12 மி.மீ. துரூ ஆக்சில், முன்னால் 100, பின்னால் 142. இடையில் வந்த சில டிஸ்க் ஃபிரேம்களில் பின்னால் 135, அதுவும் குவிக் ரிலீஸ். பழைய ஃபிரேம் வாங்குகிறவர்கள் விற்பவர் சொல்வதை நம்பாமல், பின் சக்கரம் உட்காரும் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். டிஸ்க் என்றால் ரோட்டர் (பிரேக் தட்டு) ஆறு போல்ட்டில் மாட்டுகிறதா, நடுவில் ஒரே வளையத்தால் இறுகும் சென்டர் லாக்கா என்றும் கேளுங்கள்.

அடுத்தது ஃப்ரீஹப். கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) ஏறுகிற இந்தப் பாகம் உங்கள் கியருக்குப் பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல சக்கரமும் சுவரில்தான் தொங்கும். ஷிமானோவின் 11 ஸ்பீடு ரோட் ஃப்ரீஹப் முதல் சைக்கிளுக்கு மிக வசதியானது. 8, 9, 10 ஸ்பீடு கேசட்டை 1.85 மி.மீ. ஸ்பேசர் போட்டு அதிலேயே மாட்டலாம். சில 10 ஸ்பீடு கேசட்டுக்கு அதோடு வரும் 1 மி.மீ. வளையமும் தேவைப்படும். ஷிமானோவின் 12 ஸ்பீடு ரோட் கேசட்டும் அதில் ஏறும். ஆக, இன்று கைமாறிய பழைய ஷிமானோ டியாகரா கியரில் தொடங்கி, பிறகு அதற்கு மேல்படியான 105க்கு மாறினாலும் சக்கரத்தை மாற்ற வேண்டியதில்லை. இன்னொரு கியர் கம்பெனியான ஸ்ராமின் 12 ஸ்பீடு ரோட் கேசட்டில் சிறிய பல்சக்கரம் 10 பல் என்றால் எக்ஸ்டிஆர் (XDR) ஃப்ரீஹப்தான் வேண்டும்.

அப்புறம் அகலம். ரிம்மின் உள் அகலம் 19இலிருந்து 21 மி.மீ. இருக்கட்டும், 28 டயர் அதில் நன்றாக உட்காரும். அறுபத்தைந்து, எழுபது கிலோ எடை உள்ளவர் அந்த டயரில் 70 பி.எஸ்.ஐ. பக்கம் காற்று வைத்து ஓட்டலாம். குழியில் இறங்கினால் அடி கைக்கு ஏறாமல் டயரிலேயே அடங்கும், ஈரத்தில் பிடிப்பும் கூடும். ஒன்றைக் கவனியுங்கள்: அகலமான ரிம்மில் 28 டயர் விரிந்து 29, 30 கூட ஆகலாம். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இரண்டு பக்கமும் இடம் இருக்க வேண்டும். பழைய ரிம் பிரேக் காலிப்பர்களில் (ரிம்மைப் பிடிக்கும் கவ்விகளில்) பல 25க்கு மேல் விடாது. அப்படிப்பட்ட ஃபிரேமுக்கு 17 மி.மீ. ரிம்மும் 25 டயரும் போதும். காற்றை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஹூக்லெஸ் ரிம்மை இப்போதைக்கு வாங்காதீர்கள். டயர் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி அதில் இல்லை. காற்று 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது, அதற்கென்று ஒப்புதல் உள்ள டயரைத்தான் போட வேண்டும். வழியில் டயர் கிழிந்து, அருகிலிருக்கும் கடையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வீடு வரும் நமக்கு அது ஆபத்து.

ஸ்போக் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முன்னால் 24, பின்னால் 28. உங்கள் எடை தொண்ணூறு கிலோவைத் தாண்டினால் பின்னால் 32. ஸ்போக் குறைந்த சக்கரத்தில் ஒன்று அறுந்தாலே ரிம் கோணி பிரேக்கிலோ ஃபிரேமிலோ உரசும். ஈஜோக் சாலையில் நின்று யாருக்காவது ஃபோன் போட வேண்டியதுதான். 28 ஸ்போக்கில் ஒன்று போனால் பெரும்பாலும் மெதுவாக மிதித்து வீடு சேரலாம். தலை வளைந்த சாதாரண ஸ்போக்காக வாங்குங்கள், நேர் ஸ்போக் வேண்டாம். நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு மரை) பித்தளையாக இருக்கட்டும். நம் மழைக்கும் வியர்வைக்கும் அலுமினிய நிப்பிள் அரித்து, ஸ்போக்கோடு இறுகிப் போகும். பெண்டு எடுக்க முடியாது. பின் சக்கரத்தில் கேசட் பக்க ஸ்போக்கும் மறுபக்க ஸ்போக்கும் ஒரே நீளம் இருக்காது. வாங்கும்போதே நீளங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

ஹப்பில் இரண்டு வகை. ஷிமானோ ஹப்களில் பெரும்பாலும் உதிரிக் குண்டு பேரிங். கோன் ஸ்பேனரும் கிரீஸும் இருந்தால் நீங்களே பிரித்துக் கழுவலாம். மற்ற பலவற்றில் மூடிய பேரிங். அதன் ஓரத்தில் 6902 என்றோ 6802 என்றோ எண் இருக்கும். ஆலை இயந்திரங்களுக்குப் பேரிங் விற்கும் கடையில் அந்த எண்ணைச் சொன்னாலே கிடைக்கும். சைக்கிள் கடையைத் தேடி கோலாலம்பூர் போக வேண்டாம். எண்ணே தெரியாத, அந்தக் கம்பெனி மட்டுமே தரும் பேரிங் உள்ள ஹப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

கார்பன் ரிம் ஏன் வேண்டாம் என்றால், முதல் காரணம் பிரேக். ஃபிரேசர் மலையிலிருந்து கோல குபு பாருவுக்கு மழையில் இறங்கும்போது ரிம் பிரேக் போட்ட கார்பன் ரிம் சட்டென்று பிடிக்காது. வெயிலில் விடாமல் பிரேக் பிடித்தாலோ சூடேறிக் கெடலாம். டிஸ்க் பிரேக்கில் இந்தக் கவலை இல்லை, ஆனால் குழியில் மோதிய கார்பன் ரிம் வெடித்தால் சக்கரமே போச்சு. எடைக் கணக்கையும் பாருங்கள்: ஆளும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்றால், சக்கரத்தில் 400 கிராம் குறைப்பது அரை சதவீதம்தான். புக்கிட் ரோத்தான் பக்கத்துச் சமநிலத்தில் எதிர்ப்பதெல்லாம் காற்று. அதில் பெரும்பங்கு நம் உடம்பில்தான் மோதுகிறது. 30 மி.மீ. உயர ரிம் தாராளம். மிஞ்சும் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள். வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

உள்ளே டியூப் இல்லாமல் ஓடும் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்ற ரிம் கிடைத்தால் நல்லது, ஆனால் டியூபோடு ஆரம்பியுங்கள். டியூப்லெஸ்ஸில் ஓட்டையை அடைக்க ஊற்றும் சீலன்ட் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றுகிற பழக்கம் வந்தபின் மாறலாம்.

கைமாறிய சக்கரம் என்றால் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பிரேக் உரசும் இடத்தில் ஸ்கேலை நிறுத்தினால் நடுவில் குழிவு தெரிகிறதா? அப்படியானால் ரிம் தேய்ந்துவிட்டது, விலை எவ்வளவு குறைந்தாலும் விடுங்கள். ஸ்போக் துளையைச் சுற்றி மெல்லிய விரிசல் இருக்கலாம், நகத்தால் தடவிப் பாருங்கள். ஆக்சிலை விரலால் சுற்றும்போது மணல் அரைபடுவது போல் உணர்ந்தால் பேரிங் போயிற்று. அதை மாற்றிக்கொள்ளலாம், விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

புதுச் சக்கரத்தை மாட்டி முதல் சில நாள் ஓட்டும்போது ஸ்போக் டிங் டிங் என்று சத்தம் போடலாம். முறுக்கு விட்டு உட்காரும் சத்தம் அது, பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு வாரம் கழித்து சைக்கிளைக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்து, அது நின்ற பிறகு ஸ்போக்குகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள். ஒரே பக்கத்தில் ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் நிப்பிளைக் கால் திருப்பு இறுக்கி மறுபடி சுற்றுங்கள். ஒரேயடியாக ஒரு முழுத் திருப்பு வேண்டாம்.