மாலைக் காய்ச்சலும் டைபாய்டு சீட்டும்

தாராவியில் எங்கள் சந்தில் குடியிருக்கும் அக்கா ஒருவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினார். டைபாய்டுக்காக எடுக்கும் விடால் பரிசோதனை: டைபாய்டு கிருமியின் இரண்டு பகுதிகளைக் குறிக்கும் 'ஓ' 1:80, 'ஹெச்' 1:160, அடியில் 'பாசிட்டிவ்' என்று முத்திரை. மூன்று வாரமாகப் பொழுது சாய்ந்தால் உடம்பு கணகணக்கிறது, காலையில் ஒன்றுமில்லை என்றார். டைபாய்டு என்று அவரே முடிவுகட்டி, மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி ஐந்து நாள் விழுங்கியும்விட்டார்.

அந்த 1:80 சொல்வது இவ்வளவுதான்: ரத்தத்தின் தெளிநீரை எண்பது மடங்கு நீர்க்கச் செய்த பிறகும், கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் அதில் வேலை செய்தது. கிருமியை அது காட்டவில்லை. டைபாய்டு புழங்கும் நம் நாட்டில் நல்ல உடம்புக்காரர்கள் பலருக்கே இந்த அளவு இருக்கும். எப்போதோ வந்துபோன டைபாய்டு, தடுப்பூசி, மலேரியா ஆகியவையும் எண்ணை ஏற்றிவிடும். முதல் வாரத்தில் உண்மையான டைபாய்டே தப்பிவிடுவதும் உண்டு. ஏழு முதல் பத்து நாள் கழித்து மறுபடி எடுத்து, எண் நான்கு மடங்கு ஏறியிருந்தால் அதற்கு மதிப்புண்டு.

கிருமியையே வளர்த்துப் பார்ப்பது பிளட் கல்ச்சர். அதிலும் பல நோயாளிகளிடம் கிருமி சிக்காமல் போகும். முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுத்தால்தான் வாய்ப்பு அதிகம். விழுங்கிவிட்டுச் சோதிப்பதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு.

தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்பதும் சரியல்ல. மாலையில் எல்லோருக்கும் உடல்வெப்பம் சற்றே கூடும். 99 டிகிரி மட்டும் காய்ச்சலாகாது. டைபாய்டு பெரும்பாலும் நாளுக்கு நாள் ஏறி 103, 104 வரை போய் நிற்கும்.

பேச்சுவாக்கில் அக்கா, ரவிக்கையெல்லாம் தொளதொளத்துவிட்டது என்றார். எனக்குப் பகீரென்றது. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை, இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் காசநோயை நினைத்தாக வேண்டும். லீவோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் சில நாள் அடக்கிவைக்கும். காய்ச்சல் தணியும், டைபாய்டு தீர்ந்தது என்று நினைப்போம், நோய் உள்ளே வளரும். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம்.

அக்காவைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு வேளை வெப்பமும், பாராசிட்டமால் போட்ட நேரமும் குறிக்கச் சொன்னேன். அந்தத் தாளையும் காலி மாத்திரை அட்டையையும் மருத்துவரிடம் எடுத்துப் போகவேண்டும். கடும் வயிற்றுவலி, கறுத்த மலம், பிதற்றல் இருந்தால் தாளுக்குக் காத்திராமல் அப்போதே கிளம்புங்கள்.