பேட்டர்ன் மறந்துபோன ஆண்ட்ராய்டு போனை மீட்பது எப்படி? ரீசெட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

பின் நம்பரோ பேட்டர்னோ மறந்துபோனவர்கள் முதலில் தேடுவது ‘டேட்டா அழியாமல் அன்லாக் செய்வது எப்படி’ என்றுதான். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் அது நடக்காது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்கள் தொடங்கி எல்லாவற்றிலும் கோப்புகள் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்பட்டுத்தான் சேமிக்கப்படுகின்றன. அதைத் திறக்கும் சாவியை உருவாக்க போனுக்குள் இருக்கும் சிப்பும் வேண்டும், உங்கள் பின் நம்பரும் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ‘ஒரே கிளிக்கில் அன்லாக்’ என்று சொல்லும் கம்ப்யூட்டர் மென்பொருள்கள் பெரும்பாலும் செய்வது ஃபேக்டரி ரீசெட்தான், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிதுபோல் ஆக்குவது. அதை நாமே இலவசமாகச் செய்யலாம். அவற்றை வாங்கவே வாங்காதீர்கள்.

அப்பாவின் ரெட்மி போனை மீட்ட அனுபவத்தில் இதை எழுதுகிறேன். ரீசெட் செய்வது சுலபம். அதற்கு முன்னும் பின்னும் வரும் கூகுள் கணக்கு விவகாரம்தான் ஆளைப் படுத்திவிடும்.

1. கைரேகை இன்னும் வேலை செய்கிறதா?

செய்தால் போனை ஆஃப் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட்டும் வேண்டாம். ஒருமுறை அணைத்துப் போட்டால் பின் நம்பர் இல்லாமல் கைரேகை ஏற்காது. அணைக்காவிட்டாலும் சில நாட்களுக்கு ஒருமுறை பின் நம்பரை எப்படியும் கேட்கும். ஆகவே உடனே கைரேகையால் திறந்து, யுஎஸ்பி கேபிளில் புகைப்படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளுக்குள் போய் சாட் பேக்கப்பை ஓட விடுங்கள். போனில் எந்த ஜிமெயில் முகவரி இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின் நம்பரை மாற்ற மட்டும் முடியாது, ஏனென்றால் மாற்றப் பழைய நம்பரைக் கேட்கும்.

2. கூகுள் கணக்கைக் கையில் எடுங்கள்

ரீசெட் செய்த பிறகு, போனில் முன்பு இருந்த அதே கூகுள் கணக்கைப் போட்டால்தான் உள்ளே விடும். திருட்டைத் தடுக்க 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்த பாதுகாப்பு இது. முகவரியோ பாஸ்வேர்டோ தெரியாமல் ரீசெட் செய்தால், டேட்டாவும் போய், போனும் பயன்படாமல் கிடக்கும்.

நம் ஊரில் பெரியவர்கள் போன் வாங்கும்போது, கடையில் இருப்பவரே ஒரு ஜிமெயில் உருவாக்கிப் போட்டுக் கொடுத்துவிடுவார். பாஸ்வேர்ட் இருக்கட்டும், முகவரி என்ன என்பதே வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பாவுக்கும் அதே கதை. இதற்கு வழி, கூகுள் உள்நுழைவுப் பக்கத்தில் ‘மின்னஞ்சலை மறந்துவிட்டீர்களா’ என்று இருப்பதை அழுத்துவது. மொபைல் எண்ணைக் கேட்கும், பிறகு கணக்கில் உள்ள பெயரைக் கேட்கும். சிக்கல் இந்தப் பெயரில்தான். அப்பாவின் இனிஷியலை முதலில் போட்டுப் பார்த்தேன், கணக்கு இல்லை என்றது. பெயரை மட்டும் போட்டேன், அதுவும் இல்லை. கடைசியில், கடைக்காரர் முதல் பெயரில் அப்பாவின் பெயரையும், இரண்டாம் பெயர்க் கட்டத்தில் அந்த ஒற்றை எழுத்து இனிஷியலையும் போட்டிருந்தது தெரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி மாற்றி மாற்றிப் பாருங்கள். தாத்தா பெயர், ஊர்ப் பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபாடு, எல்லாமே சாத்தியம்.

அடுத்து ஓடிபி. அது வருவதோ பூட்டிக் கிடக்கும் போனுக்கு! பதற வேண்டாம், சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள், எஸ்எம்எஸ் அங்கே வந்துவிடும். இந்த வேலையை, அந்தக் கணக்கு வழக்கமாகப் பயன்படும் வீட்டு வைஃபையிலிருந்தே செய்யுங்கள். பழகிய இடம், பழகிய கருவி என்றால் கூகுள் நம்புவதற்கு வாய்ப்பு அதிகம்.

பாஸ்வேர்டைப் புதிதாக மாற்ற வேண்டிவந்ததா? அப்படியானால் 24 மணி நேரம் பொறுத்து ரீசெட் செய்யுங்கள். இது கூகுளே சொல்லும் அறிவுரை. அவசரப்பட்டால் புதிய பாஸ்வேர்டைப் போன் ஏற்காமல் போகலாம்.

3. ரீசெட்

எஸ்டி கார்டு இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், அதில் உள்ள படங்கள் தப்பும். ஆனால் அந்தக் கார்டை இன்டர்னல் ஸ்டோரேஜாக மாற்றி வைத்திருந்தால் வேறு கருவியில் படிக்க வராது. போனில் சார்ஜ் நிறைய இருக்கட்டும்.

போனில் இன்டர்நெட் இருந்தால் நான் சிபாரிசு செய்வது கூகுளின் ஃபைண்ட் ஹப் (முன்பு ஃபைண்ட் மை டிவைஸ் என்றிருந்தது). கம்ப்யூட்டரிலிருந்து அதே கணக்கில் நுழைந்து, போனைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் வசதியை அழுத்தினால் முடிந்தது. பட்டன்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே ‘லாக்’ என்று ஒன்று இருக்கும். அதில் புதுப் பாஸ்வேர்ட் வைத்துத் திறக்கலாம் என்று பல வீடியோக்கள் சொல்கின்றன. ஏற்கெனவே லாக் உள்ள போனில் அது பலிக்காது.

இன்டர்நெட் இல்லையென்றால் ரெக்கவரி மோட், அதாவது லாக்கைத் திறக்காமலே ரீசெட் செய்ய உதவும் தனி மெனு. ரெட்மியில் போனை அணைத்து, வால்யூம் அப், பவர் இரண்டையும் சேர்த்து அழுத்தி, லோகோ வந்ததும் பவரை மட்டும் விடுங்கள். வால்யூம் பட்டனால் ‘வைப் டேட்டா’ வரை நகர்ந்து பவரால் தேர்ந்தெடுங்கள். பிக்சலில் வால்யூம் டவுன், பவர். அங்கே வரும் மெனுவில் ரெக்கவரியைத் தேர்ந்தெடுத்ததும் கவிழ்ந்த ரோபோ படமும் ‘நோ கமாண்ட்’ என்ற எழுத்தும் வரும். போன் கெட்டுவிடவில்லை. பவரை அழுத்திப் பிடித்தபடி வால்யூம் அப்பை ஒருமுறை தட்டினால் மெனு வரும்.

சாம்சங்கில், ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு பல மாடல்கள் யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தால்தான் ரெக்கவரிக்குள் போகும். பட்டனை எவ்வளவு நேரம் பிடித்தாலும் வரவில்லை என்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். அதற்கும் முன்னால், சாம்சங் கணக்கில் ரிமோட் அன்லாக் (தொலைவிலிருந்தே லாக்கைத் திறக்கும் வசதி) முன்பே இயக்கப்பட்டிருந்தால், சில மாடல்களை அவர்களது தளத்திலிருந்தே டேட்டா அழியாமல் திறக்கலாம். நான் மேலே சொன்னதற்கு இருக்கும் நல்ல விதிவிலக்கு இது.

4. பிறகு

வைஃபையில் இணைந்து, பழைய கூகுள் கணக்கைப் போடுங்கள். அந்தக் கணக்கில் சேமித்திருந்த தொடர்பு எண்கள் திரும்பிவிடும். வாட்ஸ்அப்பில் அதே எண், அதே கணக்கு என்றால் பேக்கப் கிடைக்கும். யுபிஐ ஆப்களில் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போய்ப் புதிதாகப் பதிவாகும், அதனால் சிம்மைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

கணக்கு எப்படியும் கிடைக்கவில்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

பின்சேர்க்கை: ஐபோன்

சிலர் கேட்டதால் சுருக்கமாக: ஐஓஎஸ் 15.2 முதல், பலமுறை தவறாகப் போட்டதும் லாக் திரையிலேயே அழிக்கும் வசதி வரும். இணையமும் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்கோடை மாற்றி 72 மணி நேரத்துக்குள் மறந்துபோனவர்கள் அழிக்க அவசரப்பட வேண்டாம். ஐஓஎஸ் 17-லிருந்து பழைய பாஸ்கோடை வைத்தே உள்ளே போக வழி உண்டு.

இன்னொரு பின்சேர்க்கை: சிம் பின்

ரீஸ்டார்ட் செய்ததும் ‘சிம் பின்’ என்று கேட்டால் அது போனின் லாக் அல்ல, ரீசெட் செய்தாலும் போகாது. மூன்று முறை தவறினால் பியூக் எண் (பூட்டிய சிம்மைத் திறக்கும் எண்) கேட்கும். அதில் ஊகம் வேண்டாம், பத்து முறை தவறினால் சிம் செத்துவிடும். சிம் வந்த அட்டையைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு வாங்கிப் போடுங்கள்.