டிஸ்க் நிறைந்துவிட்டதா? எதையும் அழிக்கும் முன் இதைப் பாருங்கள்

லினக்ஸில் 'இடமில்லை' என்று வந்ததும் பலரும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கைவைக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் 'டிஎஃப் -ஹெச்' கட்டளையைக் கொடுத்து மொத்தம், பயன்பட்டது, மிச்சம் என்ற மூன்று எண்களையும் பாருங்கள். பயன்பட்டதையும் மிச்சத்தையும் கூட்டினால் பல நேரம் மொத்தம் வராது.

டிஸ்க்கில் இருப்பது எக்ஸ்ட்4 (லினக்ஸில் பரவலான ஃபைல்சிஸ்டம், அதாவது ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கும் முறை) என்றால், ஃபார்மேட் செய்யும்போதே 5% இடம் ரூட்டுக்கென்று (சிஸ்டத்தின் அட்மின் கணக்கு) ஒதுக்கப்பட்டுவிடுகிறது. 1 டிபி டிஸ்க்கில் அது ஏறத்தாழ 50 ஜிபி. டிஸ்க் நிரம்பினாலும் ரூட்டாக ஓடும் சேவைகள் மூச்சுத்திணறாமல் இருக்கவும், ஃபைல்கள் துண்டுதுண்டாகச் சிதறாமல் இருக்கவும்தான் இந்த ஏற்பாடு. சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் இதை விட்டுவிடுங்கள். படமும் பாட்டும் மட்டும் கிடக்கிற தனி பார்ட்டிஷனுக்கு இவ்வளவு எதற்கு? ரூட்டாக 'டியூன்2எஃப்எஸ் -எம் 1' என்று அடித்து, பக்கத்தில் பார்ட்டிஷன் பெயரைக் கொடுத்தால் ஒதுக்கீடு 1% ஆகிவிடும், அன்மவுண்ட் செய்யக்கூட (ஃபோல்டரோடு இணைத்திருப்பதைக் கழற்றக்கூட) தேவையில்லை. 0 கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் நான் 1-க்குக் கீழே போவதில்லை.

அப்புறம், ரூட்டாகவே அந்தப் பார்ட்டிஷன் முழுவதன் மேலும் 'டியூ -எஸ்எக்ஸ்ஹெச்' ஓட்டி, அது சொல்லும் அளவை டிஎஃப் சொல்லும் 'பயன்பட்டது' எண்ணோடு ஒப்பிடுங்கள். டியூ ஒவ்வொரு ஃபைலாகத் தேடிப்போய்க் கூட்டுவது, அதனால் எந்த ஃபோல்டரிலும் பெயர் இல்லாத ஃபைலை அது எண்ணாது. வித்தியாசம் பல ஜிபி என்றால் பெரும்பாலும் யாரோ ஒரு பெரிய லாகை (ப்ரோகிராம் தான் செய்வதைக் குறித்துவைக்கும் ஃபைல்) அழித்திருப்பார்கள், அதைத் திறந்து வைத்திருக்கும் சர்வரோ இன்னமும் அதிலேயே எழுதிக்கொண்டிருக்கும். பெயர் போய்விட்டாலும் கடைசியாகத் திறந்து வைத்திருப்பவர் மூடும்வரை இடம் திரும்பாது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' (இதில் +எல் பெரிய எழுத்து) கொடுத்தால் இப்படி அழிக்கப்பட்டும் உயிரோடிருக்கும் ஃபைல்களும் அவற்றைப் பிடித்திருக்கும் ப்ராசஸும் வரிசையாக வரும். அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள், போதும். அடுத்த முறை லாகை அழிக்காமல் 'ட்ரங்கேட் -எஸ் 0' கொடுத்துக் காலி செய்துவிடுங்கள்.

அங்கேயும் ஒன்றும் சிக்கவில்லையா? மவுண்ட்டுக்கு அடியில், அதாவது வேறு டிஸ்க் இணையும் ஃபோல்டருக்குள் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். வெளி டிஸ்க் மவுண்ட் ஆகாத ஒரு ராத்திரி பேக்கப் ஓடியிருந்தால் எல்லாம் அந்தக் காலி ஃபோல்டருக்குள், அதாவது சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனிலேயே போய் விழுந்திருக்கும். மறுநாள் டிஸ்க் மேலே மவுண்ட் ஆனதும் அது மறைந்துவிடும். ரூட் பார்ட்டிஷனை 'மவுண்ட் --பைண்ட்' வழியாக வேறொரு காலி ஃபோல்டரில் மவுண்ட் செய்து அங்கே டியூ ஓட்டினால் பூதம் வெளியே வரும்.

டிஎஃப் தாராளமாக இடம் காட்டியும் புது ஃபைல் உருவாகவில்லை என்றால் 'டிஎஃப் -ஐ' பாருங்கள். ஐநோடு, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு, தீர்ந்திருக்கும். எக்ஸ்ட்4-இல் பார்ட்டிஷனைப் பெரிதாக்காமல் அதன் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது, எனவே கேஷ் அல்லது செஷன் ஃபோல்டரில் லட்சக்கணக்கில் குவிந்திருக்கும் குட்டி ஃபைல்களைத்தான் களையெடுக்க வேண்டும். எந்த ஃபோல்டர் என்பதை 'டியூ --ஐநோட்ஸ்' காட்டிக்கொடுக்கும்.