பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினை வீட்டிலேயே பத்திரமாக இறக்குவது எப்படி

பட்டறைப் பேச்சில் "இன்ஜினை இறக்குவது" என்று சொன்னாலும், முன்பக்கம் இன்ஜின் உள்ள பெரும்பாலான பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அது மேல்வழியாகத்தான் வெளியே வரும். காற்றால் குளிர்விக்கப்படும் பழைய போர்ஷே 911 போன்றவற்றில் இன்ஜின் உண்மையிலேயே கீழே இறங்கும். அங்கே உயர்த்த வேண்டியது காரைத்தான். இரண்டுக்கும் முறைகள் வேறு. 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, முதல் வகையை மட்டும் இங்கே விளக்குகிறேன். அதன் 1798 சி.சி. வார்ப்பிரும்பு இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் 200 கிலோவை எளிதில் தாண்டும். அந்த எடை கொக்கியில் தொங்கும் நேரம் சில நிமிடங்கள்தான். ஆனால் அந்த நிமிடங்கள் பத்திரமாகக் கழியுமா என்பது அதற்கு முன் செலவிடும் ஒன்றிரண்டு நாள் வேலையில்தான் இருக்கிறது.

முதலில் தரையைப் பாருங்கள். சமமான, உறுதியான சிமென்ட் தரை வேண்டும். சரளையிலும் மண்ணிலும் இன்ஜினைத் தூக்கும் கிரேனின் சிறு சக்கரங்கள் புதைந்து நின்றுவிடும். அந்த நேரத்தில் கிரேனைத் தள்ளினால் சுமை ஊசலாடும். காருக்கு முன்னால், கிரேனும் வெளியே வரும் இன்ஜினும் கொள்ளும் அளவு இடம் விட்டு நிறுத்துங்கள். ஸ்போர்ட்ஸ் கார்கள் தாழ்வானவை என்பதால், கிரேனின் கால்கள் காருக்கு அடியில் நுழைகின்றனவா என்பதை வேலை தொடங்கும் முன்பே தள்ளிப் பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு இது தெரியவந்தால் பாதி வேலை வீண்.

கிரேனின் மேல் "2 டன்" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது கிரேனின் கையைக் குறுக்கி வைத்த நிலைக்கான அளவு. கையை முழுவதும் நீட்டும்போது, இவ்வகைக் கிரேன்கள் பலவற்றில் அது அரை டன்னாகக் குறைந்துவிடும். கையின் ஒவ்வொரு துளைக்கும் அருகே அதற்குரிய எடை குறிக்கப்பட்டிருக்கும். இன்ஜின் அறையின் நடுப்பகுதி வரை எட்டும் துளைக்கு உரிய எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சங்கிலிக்கும் இதே கவனம் தேவை. கொக்கியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் இரு கிளைகளும் கிடைமட்டத்தோடு 60 பாகை கோணத்தில் இருந்தால் ஒவ்வொரு கிளையும் எடையில் ஏறத்தாழ 58 சதவீதத்தைத் தாங்கும். அவை 30 பாகைக்குச் சாய்ந்தால் ஒவ்வொரு கிளையின் மீதும் முழு எடைக்குச் சமமான இழுவிசை விழும். ஆகவே சங்கிலியைக் குட்டையாகக் கட்டி இடத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். சங்கிலியைப் பிணைக்கும் போல்ட்டுகள் 8.8 என்ற வலிமைத் தரத்திற்குக் குறையாமலும், பிளாக்கிலோ ஹெட்டிலோ மரை நன்றாகப் பிடிக்கும் அளவு ஆழமாகவும் இருக்க வேண்டும். மெல்லிய மேனிஃபோல்டு, ராக்கர் கவர், ஆல்டர்னேட்டர் தாங்கி ஆகியவற்றில் ஒருபோதும் கொக்கி போடக் கூடாது.

எந்தப் பாகத்தைக் கழற்றும் முன்பும் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். 1967 வரை வந்த எம்.ஜி.பி.யில் நேர்முனைதான் எர்த்; அதன் பிறகே எதிர்முனைக்கு மாறியது. "முதலில் எதிர்முனையைக் கழற்று" என்ற பழக்கத்தில் கை போனால், ஸ்பேனர் காரின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். எனவே முனையின் குறியைப் பார்க்காமல், உடலோடு இணைந்த கம்பி எது என்று பார்த்து அதையே முதலில் கழற்றுங்கள். அந்தக் காரின் பழைய மாடல்களில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் மறைவாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெட்ரோல் குழாயைக் கழற்றியவுடன் இரு முனைகளையும் அடைத்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி, தொலைவில் எரியும் சுடரைக்கூடத் தேடிப் போய்ப் பற்றிக்கொள்ளும். கதவைத் திறந்து வைத்து, எல்.இ.டி. விளக்கை மட்டும் பயன்படுத்தி, தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே குளிர்விப்பு நீரை வடிக்க வேண்டும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் வளர்ப்புப் பிராணிகளும் குழந்தைகளும் நக்கிவிடக் கூடும். அது கொடிய நஞ்சு. வடித்ததை மூடியுள்ள கலனில் உடனே ஊற்றிவிடுங்கள். பழைய கிளட்ச் தட்டிலும் கேஸ்கெட்டுகளிலும் கல்நார் இருக்கலாம் என்பதால், அந்தத் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எம்.ஜி.பி.யில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகவே வெளியே எடுப்பது நல்லது என்பது என் கருத்து. தனியாகப் பிரிக்கும்போது கியர்பாக்ஸின் ஷாஃப்ட் மீது எடை தொங்கினால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும். மீண்டும் பொருத்தும்போதும் நேர்கோட்டில் நிறுத்துவது பெரும்பாடு. சேர்த்து எடுக்க, புரொப்பெல்லர் ஷாஃப்ட், சைலன்சர் குழாய், வேகமானியின் கேபிள், கியர்பாக்ஸின் பின்பக்கத் தாங்கி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். இதற்குக் காரின் அடியில் படுக்க நேரும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரை ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் உட்கார வைத்து, கையால் பலமாக அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே செல்லுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நொடிகூட உள்ளே போகாதீர்கள். ஜாக்கின் உள்ளேயிருக்கும் ஒரு சிறு ரப்பர் சீல் கசிந்தால் போதும், கார் கீழே வந்துவிடும். கியர்பாக்ஸ் எண்ணெயையும் வடித்துவிடுங்கள். வெளியே வரும்போது அதன் வால் செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சாயும்.

மேலே உள்ள இணைப்புகளில் ஒவ்வொரு வயருக்கும் துணி டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். கழற்றும் முன் எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வெப்பமானிகள் சிலவற்றில் வயருக்குப் பதிலாக, திரவம் நிரப்பிய மெல்லிய உலோகக் குழாய் ஹெட்டிலிருந்து டேஷ்போர்டு வரை ஓடும். ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலும் அந்த மானி செத்துவிடும். அதன் நட்டைத் தளர்த்தி, குமிழை நேராக உருவி, தேங்காய் அளவுக்குப் பெரிய சுருளாகச் சுற்றி, துணியில் பொதிந்து ஓரமாகக் கட்டிவையுங்கள். கிளட்சின் ஹைட்ராலிக் குழாயைத் திறக்க வேண்டியதில்லை. அதன் முனையில் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரை மட்டும் கழற்றித் தொங்கவிட்டால் போதும். அதற்குப் பிறகு கிளட்ச் மிதியை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பானட்டைக் கழற்றும் முன் கீல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துவிட்டால், திரும்பப் பூட்டும்போது இடைவெளி சரியாக அமையும். ரேடியேட்டரையும் முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

இனித் தூக்குவது. சங்கிலி இறுகும் வரை கிரேனை ஏற்றி, இன்ஜின் மவுண்ட் போல்ட்டுகளை எடுத்து, இரண்டு சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி நிறுத்துங்கள். சுற்றிலும் விளக்கு அடித்துப் பாருங்கள். என் முதல் முயற்சியில் இன்ஜினோடு சேர்ந்து காரின் முன்பக்கமும் எழுவதையும், முன் ஸ்பிரிங்குகள் மெல்ல நீள்வதையும் கண்டு திகைத்துப் போனேன். கியர்பாக்ஸுக்கும் உடலுக்கும் நடுவே, கிரீஸ் படிந்து கறுத்துப்போன எர்த் பட்டை ஒன்று கழற்றப்படாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. இன்ஜின் வர மறுத்தால் இன்னும் ஏதோ ஒன்று அதைப் பிடித்திருக்கிறது என்று பொருள். அப்போது கிரேனின் பலத்தைக் கூட்டாமல், சுமையை இறக்கிவிட்டுத் தேடுங்கள்.

தடையில்லை என்றால், கொக்கிக்கும் சங்கிலிக்கும் நடுவே இருந்து இன்ஜினின் சாய்வை மாற்றும் லெவலரின் திருகைச் சுழற்றி முன்பக்கத்தை உயர்த்தி, வாலைத் தாழ்த்தி, சிறிது சிறிதாக மேலும் முன்னுமாக நகர்த்துங்கள். ஒருவர் கிரேனைக் கவனிக்க, மற்றவர் இன்ஜின் எதிலும் உரசாமல் வழிகாட்ட வேண்டும். தொங்கும் எடைக்குக் கீழே கையோ காலோ எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. அது விழுந்தால் பிடித்து நிறுத்த மனிதரால் ஆகாது, விலகி ஓடுவது ஒன்றே வழி. முன்பக்கத்தைத் தாண்டியதும், கார் சக்கரங்களின் மேல் நின்றால் கிரேனை அசைக்காமல் காரையே பின்னால் உருட்டிவிடுங்கள். பிறகு இன்ஜினைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு உடனே இறக்கி, அந்தத் தாழ்ந்த நிலையிலேயே கிரேனை நகர்த்துங்கள்.

இரவு முழுவதும் கொக்கியிலேயே தொங்கவிடக் கூடாது. கனமான மரக்கட்டைகளின் மேல் உட்கார வைத்து, கியர்பாக்ஸைப் பிரித்து, கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றிய பிறகு இன்ஜின் ஸ்டாண்டில் பூட்டுங்கள். மூன்று சக்கர ஸ்டாண்டு எளிதில் சரியும். நான்கு சக்கரம் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். ஸ்டாண்டின் நான்கு போல்ட்டுகளும் முழுவதும் முறுக்கப்பட்டதை உறுதி செய்த பின்னரே சங்கிலியைத் தளர்த்துங்கள்.